எதிரே வருகிறவள்

சம்பள நாளன்று நெய்வேலிச் சுரங்கத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மற்ற நாட்களில் ஒன்றுதான். சங்கு ஊதி ஷிப்ட் முடிந்ததும், கடன் இல்லாதவன் மெயின் கேட் வழியாக மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வருவான். கடன்பட்டவன் சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு, முந்திரித் தோப்பு ஓரமாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் நழுவிவிடுவான். மெயின் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் வட்டிக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார், அதனால்தான். அவருக்குக் கொஞ்சம் தள்ளி நானும் நின்றிருக்கிறேன். மளிகைக் கடைக்காரன் வேறெங்கே போய் நிற்பது?

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து மந்தாரக்குப்பத்தில் நான் கடை போட்டிருந்த காலம் அது. சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லா ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் கடையில்தான் கடன் சொன்னார்கள். சொன்னவர்கள் பிறகு என் கடை இருக்கும் தெருவையே மறந்தார்கள். கடன்பட்டவன் கண்ணுக்குத் தெருவெல்லாம் சந்து என்று என் அப்பா சொல்வார்.

அப்படி எல்லோரும் ஒளிகிற ஊரில் ஒருத்தி மட்டும் எதிரே வந்தாள். அவளுடைய பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப் போவதில்லை. 'எதிர்க்க வர்றவ' என்றால் அந்தக் கடைத்தெருவில் அப்போது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு கொடுக்கவில்லை. அவள் புருஷனை இழந்தவள். காலையில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று நினைக்கிற ஊர், நினைக்கிற காலம். நானும் அப்படி நினைத்தவன்தான். ஒருநாள் விடிகாலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு, முதல் போணிக்காகக் காத்து நிற்கிறேன், ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து நேராக என்னைப் பார்த்து வருகிறாள். இடது கால் இழுத்து இழுத்து வரும். அதனால் வருவதற்கு நேரமாகும். முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. திருப்பிக்கொண்டேன்.

"மொதலாளி, இந்தப் பக்கம் பாருங்க. இந்த மாசம் மணியார்டர் இன்னும் வரல. வந்ததும் குடுக்கறேன். அத்த சொல்லத்தான் வந்தேன்."

"ஏந்தாயி, போணி ஆகாத நேரத்துல வந்து, பணம் இல்லேன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தே?"

"இருந்தா நீங்களே வந்து வாங்கிக்குவீங்க. இல்லேன்றத நான்தான வந்து சொல்லணும்?"

அன்றைக்கு வியாபாரம் அமோகமாக நடந்தது. சகுனத்தில் இருந்த நம்பிக்கை எனக்கு அன்றைக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

வளையமாதேவிப் பக்கத்துக் கூலிக் குடும்பம் அவர்களுடையது. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரு காண்டிராக்டரிடம் செங்கல் லாரியில் வேலை செய்தார்கள். வடலூர் ரோட்டில் லாரி கவிழ்ந்தது. அவன் அங்கேயே போனான். இவளுக்கு இடுப்பு முறிந்தது. ஆறு மாதத்துக்கு மேல் படுக்கை. எழுந்தபோது இந்தக் கால்தான் மிச்சம். மண் சுமக்கிற வேலைக்கு இனி உதவாது. நஷ்டஈட்டுக்குக் கேஸ் நடந்து, தீர்ப்பான தொகையை மொத்தமாகக் கையில் தராமல் தொழிலாளர் ஆபீசிலேயே போட்டு வைத்து, மாதாமாதம் ஒரு தொகையை மணியார்டரில் அனுப்பினார்கள். அதுதான் அவளுக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் கஞ்சி. அந்தப் பணத்தை அவள் நஷ்டஈடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அவரு சம்பளம்" என்பாள். "உசுரோட இருக்கறவனுங்க பாதிப்பேரு வூட்டுக்குப் பணம் தர்றதில்ல. எங்க வூட்டுக்காரரு போயும் அனுப்பிக்கினுதான் இருக்காரு" என்பாள், சிரித்துக்கொண்டே. கேட்கிறவனுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

கேஸ் முடியும்வரை வயிறு காத்திருக்குமா? ஆஸ்பத்திரிச் செலவு, கருமாதிச் செலவு, கஞ்சிச் செலவு எல்லாம் கடனில் ஓடின. எனக்குக் கொஞ்சம். குறிஞ்சிப்பாடித் துணிக்காரருக்குக் கொஞ்சம். பக்கத்துக் குடிசையில் ஆப்பம் சுட்டு விற்ற ஒரு கிறிஸ்தவ அம்மாள், கருமாதிக்குத் தன் காதுத் தோட்டையே கழற்றி அடகு வைத்துக் கொடுத்திருந்தாள். அது மூழ்கிப் போய், காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டுதான் ஆப்பம் விற்றாள். மிச்சம் முழுதும் வட்டிக்காரருக்கு. அது கடன் இல்லை, புற்று. மணியார்டர் வருகிற நாளில் அவர் தபால்காரருக்கு முன்னாலேயே குடிசை வாசலில் வந்து நிற்பார். வட்டிக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அசல் அப்படியே கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன், குடும்பத்தோடு. ஜோதி தரிசனக் கூட்டத்தில் மூச்சுவிட இடமில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து, என்னை நோக்கி ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டே வருகிறாள். என் மனைவி பார்த்தாள்.

"யாரு அது? உங்களைத் தேடிக்கிட்டு இம்புட்டு ஆசையா வர்றது?"

நான் வாய் திறப்பதற்குள் வந்துவிட்டாள். "மொதலாளி, பாக்கி நெனப்புல இருக்குதுங்க" என்றாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா? உங்க வூட்டுக்காரருக்கு நான் கடன்காரி" என்று அறிமுகம் செய்துகொண்டு, வந்த வழியே கூட்டத்துக்குள் போய்விட்டாள். மற்றவனாக இருந்தால் என்னைப் பார்த்ததும் சாமிக்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியிருப்பான். அன்றைக்கு வீடு திரும்பும்வரை என் மனைவி சிரித்தாள்.

பிறகுதான் நெருக்கடி வந்தது. வட்டி கட்டவே மணியார்டர் போதவில்லை. வட்டிக்காரர் ஒரு யோசனை சொன்னார். கறவை மாடு வாங்க வேண்டும் என்று ஆபீசில் மனுப் போட்டால், மிச்சத் தொகையை மொத்தமாகத் தந்துவிடுவார்களாம். அதை அப்படியே அவரிடம் கொடுத்தால் கடன் பைசல். மாடு? மாடு எங்கே போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு குழந்தைகள் எதைத் தின்னும் என்பதும் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைத்தெருவில் இன்னொரு யோசனை சொன்னார்கள். கடலூர்க் கோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு. என்னிடம் ஒன்றுமில்லை, கொடுக்க வழியில்லை என்று கோர்ட் மூலமாகச் சொல்லிவிட்டால், கொடுத்தவன் எவனும் வாசலில் வந்து நிற்க முடியாது.

இதில் எதைச் செய்வது என்று அவள் யாரிடம் யோசனை கேட்டாள் தெரியுமா? என்னிடம்.

"உங்களுக்கும் சேத்து மஞ்ச நோட்டீஸ் குடுக்கலாம்னு சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க மொதலாளி?"

எனக்கு வந்ததே கோபம். "என் தலையில துண்டைப் போடுறதுக்கு என்கிட்டயே ரோசனை கேக்குறியா? நல்லாருக்கு தாயி, ரொம்ப நல்லாருக்கு!"

"உங்களக் கேக்காம உங்க தலையில எப்பிடிங்க துண்டு போடறது?" என்றாள். முகத்தில் குசும்பு ஒரு துளி இல்லை. உண்மையாகவே கேட்டாள். வேறு என்ன செய்வது? உட்காரவைத்துப் பேசினேன். நியாயமாகப் பார்த்தால் மஞ்சள் நோட்டீஸ்தான் உனக்கு வழி, என் பாக்கி போனால் போகிறது, வக்கீலைப் போய்ப் பார் என்றேன். என் வாயால் நானே அப்படிச் சொன்னேன்.

ஆப்பக்கார அம்மாளோடு பஸ் ஏறிக் கடலூர் போய், ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துவிட்டு வந்தாள். குமாஸ்தா நல்ல மனிதர். இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். முதலாவது, நஷ்டஈட்டுப் பணத்தின் மேல் எந்தக் கடன்காரனும் கைவைக்க முடியாது, ஜப்தி கிடையாது. வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதெல்லாம் வெறும் மிரட்டல். இரண்டாவது, மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதென்றால் எல்லோருக்கும் சேர்த்துத்தான். இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று பிரிக்க முடியாது.

"அப்பிடின்னா தோடு குடுத்தவளுக்கும் இல்லேன்னு நான் கோர்ட்ல சொல்லணுமான்னு கேட்டேன். ஆமான்னாரு. அவ என் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தா. காதுல குச்சியோட."

"அப்புறம்?"

"எழுந்து வந்துட்டோம்."

சொல்லிவிட்டு ஒரு துண்டு மஞ்சள் கேட்டாள், கடனாக. விரலி மஞ்சள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒரு தட்டோடு எதிரே வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு. அதன்மேல் மடித்த காகிதம் ஒன்று, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரியே தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். புருஷன் இல்லாதவள் மஞ்சள் தடவிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று கடையில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் கை வரவில்லை.

"வாங்கிக்குங்க. மஞ்ச நோட்டீஸ்."

"ஏந்தாயி, மஞ்சள் நோட்டீஸ்னா இது இல்ல."

"குமாஸ்தா காட்டினது வெள்ளைத் தாளுதான். அதுல மஞ்சளே இல்ல. எல்லாரும் மஞ்ச நோட்டீஸ்னுதான சொல்றாங்கன்னு நானே தடவிக்கினேன்."

பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எழுதத் தெரியாதுங்க. எழுதினாலும் படிச்சிட்டு அப்பிடியே குந்திடுவீங்க. மணியார்டர் வர்ற அன்னிக்கு வூட்டாண்ட வாங்க. எல்லாரையும் கூப்புட்டிருக்கேன்."

தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது கடன் கொடுத்தவன் வராமல் இருப்பதற்கு. இவள் கொடுத்தது வரச் சொல்லி.

போனோம். வட்டிக்காரரும் வந்தார். பத்திரிகை வைத்து அழைத்தால் எப்படி வராமல் இருப்பது? தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்ததும், அவரையும் நிற்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவரிடமும், நீங்கள் கொடுத்த அசல் எவ்வளவு, இதுவரை வாங்கியது எவ்வளவு, வாயால் சொல்லுங்கள் என்றாள். நான் சொன்னேன். துணிக்காரர் சொன்னார். ஆப்பக்கார அம்மாள், "நான் கடனா குடுக்கல" என்று முணுமுணுத்தாள். அவள் பங்கை இவளே சொன்னாள்.

வட்டிக்காரர் முறை வந்தது. அசலைச் சொல்லிவிட்டார். வாங்கியது எவ்வளவு என்பதற்குக் குடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மாசாமாசம் என் கையாலதான எடுத்துக் குடுத்தேன், இவரு கண்ணாலதான பாத்தாரு" என்று தபால்காரரைக் காட்டினாள். தபால்காரர் தலையை ஆட்டினார். வாங்கியது அசலைத் தாண்டிப் போய்விட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

"ஆபீஸ்ல மனுப் போட்டு மொத்தமா வாங்கமாட்டேன். அது எம்புள்ளைங்களுது. கோர்ட்டுக்கும் போவமாட்டேன். மாசம் வர்றதுல பாதி அடுப்புக்கு. மீதிப் பாதி உங்கள்ல ஒருத்தருக்கு. யாருக்குன்னு இந்தச் சட்டி சொல்லட்டும். வட்டி கெடையாது. எல்லாருக்கும் அசலு மட்டும்."

சட்டியில் ஆளுக்கு ஒரு பொருள் போட்டிருந்தாள். எனக்கு ஒரு பட்டாணி. துணிக்காரருக்கு ஒரு பித்தான். ஆப்பக்கார அம்மாளுக்கு ஒரு வேப்பங்குச்சி. வட்டிக்காரருக்கு ஒரு துண்டு நிலக்கரி. இவை போக ஒரு கூழாங்கல்லும் இருந்தது.

"அது யாருக்கு?" என்றார் துணிக்காரர்.

"எம்புள்ளைங்களுக்கு. அவங்களுக்கும் நான் கடன்காரிதான?"

ஏலச்சீட்டு, குலுக்குச்சீட்டு எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி கட்டி மற்ற எல்லோரும் எடுக்கிற சீட்டை அங்கேதான் பார்த்தேன். மாதாமாதம் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எடுப்பார். சர்க்கார் கை, பொய் சொல்லாது என்பது அவள் எண்ணம். அசல் தீர்ந்தவருடைய பொருள் சட்டியை விட்டு வெளியே போய்விடும். கூழாங்கல் வந்த மாதம் குழந்தைகள் என் கடைக்கு வந்து வெல்லம் வாங்கும்.

வட்டிக்காரர் மறுமாதத்திலிருந்து வரவில்லை. சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். காரணம் சகுனமில்லை என்று எனக்குத் தெரியும். அசலை மட்டும் கைநீட்டி வாங்கினால், நாளைக்குச் சுரங்கத்தில் வேலை செய்கிற எல்லோரும் அதையே கேட்பார்கள். அப்படியிருக்க ஒரு மாதம் தபால்காரர் கையில் நிலக்கரி வந்தது.

அன்றைக்கே சம்பள நாளும் சேர்ந்துகொண்டது. சங்கு ஊதி ஷிப்ட் விட்டது. மெயின் கேட் எதிரே குடையோடு வட்டிக்காரர். கொஞ்சம் தள்ளி நான். ரோட்டுக் கோடியிலிருந்து அவள் வருகிறாள், காலை இழுத்து இழுத்து. வட்டிக்காரர் பார்த்துவிட்டார். மெல்ல மரத்துக்குப் பின்னால் போனார். அங்கிருந்து சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நகர்ந்தார். அவளும் திரும்பினாள். அவர் முந்திரித் தோப்புப் பக்கம் பார்த்தார். அந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? குடையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"கடன்காரரே, நில்லுங்க!"

தமிழில் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். கேட்டிலிருந்து வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடன்பட்டவள் துரத்த, கடன் கொடுத்தவர் ஓட, அப்படி ஒரு காட்சியை யார் கண்டது? சிரிப்புக் கிளம்பிவிட்டது. தோப்புப் பாதையில் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் எதிரே வந்த வட்டிக்காரரைக் கண்டு சைக்கிளோடு சிலையாகிவிட்டார்கள். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அவர் நின்றார். அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"உங்க கரி வந்துது. இந்தாங்க. அசல்ல கழிச்சிக்கினேன்னு வாயால சொல்லுங்க."

அவர் சொன்னார். மெதுவாகச் சொன்னார். "காதுல வுழல" என்றாள். உரக்கச் சொன்னார்.

அடுத்த சம்பள நாளிலிருந்து எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெயின் கேட் வழியாக வந்தார்கள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. நாலைந்து பேர் வந்தார்கள். வந்தவர்கள் வட்டிக்காரரிடம் நேராகப் போய், அசல் எவ்வளவு என்று கேட்டார்கள்.

எனக்கு அவள்மேல் வருத்தமும் உண்டு. அந்தக் குழந்தைகள் கூழாங்கல் வராத மாதங்களில் எத்தனை தண்ணிக் கஞ்சி குடித்தன என்று எனக்குத் தெரியும். அந்த வட்டிக்காரருக்கு எதற்கு அசல், அவர்தான் எப்போதோ வாங்கிவிட்டாரே என்று சண்டையே போட்டிருக்கிறேன். "அவரு அநியாயம் அவரோட. அவரு குடுத்த பணத்துலதான் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டுப் போட்டாங்க" என்பாள். அதற்கு மேல் நகரமாட்டாள். அவளைப் போல இருக்க என்னால் முடியாது. பலபேரால் முடியாது, முடியவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

குச்சி முதலில் வெளியே போனது. ஆப்பக்கார அம்மாள் காதில் சின்னதாக ஒரு தோடு ஏறியது. பித்தான் போனது, கரி போனது. கடைசியில் சட்டியில் பட்டாணியும் கூழாங்கல்லும்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும் தாயி. என் பட்டாணியை எடுத்து வெளியே போட்டுரு. எனக்கு வேணாம். மனசாரச் சொல்றேன்."

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"நீங்க தள்ளிவுட்டுட்டா, நாளைக்கு நான் உங்க கடைக்கு எந்தப் பக்கமா வர்றது? சந்து வழியாவா?"

பட்டாணி வந்தது. பாக்கி தீர்ந்தது. மறுநாள் காலை கடையைத் திறந்து, போணிக்கு முன்னால், யாரும் சொல்லாமலே ரோட்டைப் பார்த்து நின்றேன். எதிரே வந்தாள். அந்தப் பட்டாணியை என் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு காசு வைத்தாள்.

"இது எதுக்கு?"

"நோட்டீசுக்கு ஒரு துண்டு மஞ்ச வாங்கினேனே. நீங்க மறந்துட்டீங்க."

அன்றைய போணி அந்த மஞ்சள் காசுதான். கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டேன். அவள் போகாமல் நின்றாள்.

"கால் கிலோ துவரம்பருப்பு போடுங்க. கடனா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். நேற்றுத்தான் எல்லாம் தீர்ந்தது. கையில் காசு இருப்பதும் எனக்குத் தெரியும்.

"ஏந்தாயி, இப்பத்தானே கரை ஏறுனே?"

"உங்க எதிர்க்க வர்றதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணாமா?" என்று சிரித்தாள்.

தராசை எடுத்தேன். பருப்பைக் கொஞ்சம் தாராளமாகவே நிறுத்தேன். அவள் தட்டைப் பார்த்து, கூடுதலாக விழுந்ததைக் கையால் தள்ளிவிட்டாள்.